டச்சிங் அக்கா துடைத்த வெளிச்சம்

அவளைவிடப் பத்து வயது மூத்த முதலாளியே அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். முழுப் பட்டம் டச்சிங் அக்கா. போட்டோ ஸ்டுடியோவின் பின்னறையில் இருபத்தாறு வருடங்களாக அதே நாற்காலி. ஜன்னல் பக்கம் முதுகு, கம்ப்யூட்டர் பக்கம் முகம். படங்களில் இருக்கும் தூசு, கீறல், முகப்பரு, கருவளையம் எல்லாவற்றையும் எடுத்துச் சுத்தமாக்கித் தரும் 'டச்சிங்'தான் அவளுடைய வேலை. அந்த ஊரில் கல்யாணமானவர்கள், பட்டம் வாங்கியவர்கள், குடும்பத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் எல்லாருடைய முகமும் ஒருமுறையாவது அவள் கையில் வந்து போயிருக்கிறது. கடைத்தெருவில் யாராவது அவளைப் பார்த்துச் சிரித்தால் பெயர் ஞாபகத்துக்கு வராது. 'இடது கன்னத்துல நாலு பரு எடுத்தோமே, அந்தப் பொண்ணு' என்றுதான் வரும்.

ஆனால் எதையும் அவள் அடியோடு அழிக்க மாட்டாள். அதற்கு ஒரு கதை இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர், இறந்துபோன மனைவியின் சின்னப் படம் ஒன்றைக் கொடுத்துப் பெரிதாக்கித் தரச் சொன்னார். அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று நாள் பாடுபட்டாள். படத்தை வாங்கிப் பார்த்த மனிதர், "இது யாரும்மா?" என்று கேட்டார். உதட்டுக்கு மேலே இருந்த மச்சத்தைத் தூசு என்று நினைத்துத் துடைத்திருந்தாள். அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்கு மனசு ஆறியிருக்கும். திட்டவில்லை.

அன்றிலிருந்து அவள் துடைப்பதெல்லாம் தனி லேயரில்தான். படத்தின் மேல் கண்ணாடித் தாள் ஒன்றை விரித்து, அதில் ஒட்டுப் போடுவது மாதிரி. அந்தத் தாளை விலக்கினால் கீழே பழைய முகம் மச்சத்தோடு அப்படியே இருக்கும். "கம்ப்யூட்டர்ல இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்குக்கா, அழிச்சுத் தொலைங்க" என்று முதலாளி வருடத்துக்கு ஒருமுறையாவது புலம்புவார். அக்கா காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

அப்படிப்பட்டவளிடம்தான் நிலா வந்து மாட்டியது. நம் தலைக்கு மேலே வரும் நிலா இல்லை. வெகு தூரத்தில் வேறொரு கோளைச் சுற்றும் நிலா. அதைக் கடந்து போன விண்கலம் சில நிமிட இடைவெளியில் எடுத்த ஒன்பது படங்களை, சுவர் நிறைய பெரிதாக்கித் தரும்படி அறிவியல் காட்சிக்கூடத்திலிருந்து கொடுத்திருந்தார்கள். முதலாளி பழக்க தோஷத்தில் ரசீதில் 'டச்சிங்' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டார்.

அக்காவுக்கு அந்த நிலாவை ரொம்பப் பிடித்துவிட்டது. முகம் முழுக்க அம்மை வந்து போனது மாதிரி பள்ளங்கள். இருபத்தாறு வருடத்தில் 'கொஞ்சம் கலரா காட்டுங்க' என்று கேட்காத முதல் முகம். பள்ளங்களைத் தொடக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும். வெள்ளை வெள்ளையாகச் சிதறிக் கிடந்த புள்ளிகளை மட்டும் ஒன்று விடாமல் எடுத்தாள். ஒன்பது படத்துக்கும் சேர்த்து முந்நூறுக்கு மேல். நிலாவின் இருட்டுப் பக்கத்தைக் கழுவி விட்ட தரை மாதிரி ஆக்கி, நிம்மதியாக அச்சுக்கு அனுப்பினாள்.

படங்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, காட்சிக்கூடத்துப் பொறுப்பாளர் மூச்சிரைக்க ஸ்டுடியோவுக்கு ஓடி வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. அவள் பொறுப்பில் நடக்கப்போகிற முதல் கண்காட்சி அது.

"மேடம், வெளிச்சம் எங்க?"

"எந்த வெளிச்சம்மா?"

"இருட்டுப் பக்கத்துல ரெண்டு வெளிச்சம் இருந்துச்சே! அது என்னன்னு இதுவரைக்கும் யாராலயும் சொல்ல முடியல. கண்காட்சியே அதுக்காகத்தான். இப்ப ஒன்பது படத்துலயும் ஒண்ணுகூட இல்ல!"

முதலாளி ரசீதில் தான் அடித்த டிக்கைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"நான் தூசியை மட்டும்தான் எடுத்தேன். வெளிச்சம்னு எதையும் பாத்த ஞாபகமே இல்ல" என்றாள் அக்கா. பொய் இல்லை. கண்ணை ஒருமுறை கசக்கிக்கொண்டாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. கண்ணுல ஏதாவது..." என்று முதலாளி இழுத்தார். "வேணும்னா கொஞ்ச நாளைக்கு வெளிய கவுன்ட்டர்ல உக்காருங்களேன்."

கவுன்ட்டர் ஒன்றும் கேவலமான இடம் இல்லை. ஆனால் அக்காவின் அம்மாவுக்கு ஐம்பது வயதில் பார்வை போனது. முதலில் மங்கலான சின்னச் சின்ன விஷயங்கள்தான் மறைந்தன. அது போவது அம்மாவுக்கே தெரியவில்லை. அக்காவுக்கு ஐம்பது முடிய இன்னும் நாலு மாதம்தான் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் பஸ் டிரைவர். வருடா வருடம் கண் பரிசோதனைக்குப் போய்ப் பழகியவர். "இவ்வளவுதானே, நானே பாக்கறேன்" என்று சமையலறை வாசலில் போய் நின்று, பஸ் டைம்டேபிளைத் தூக்கிப் பிடித்தார்.

"ஒரு கண்ணை மூடிக்கிட்டு மூணாவது வரி படி."

"எட்டு நாப்பத்தஞ்சு."

"இது உனக்கு மனப்பாடம்!"

"பின்ன? பன்னெண்டு வருஷமா அந்த பஸ்ஸுக்குத்தானே உங்களுக்கு டப்பா கட்டறேன்." சிரிக்க வைக்கத்தான் சொன்னாள், அவளுக்கே சிரிப்பு வரவில்லை. "எனக்கு பயமா இருக்குங்க. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

அவர் டைம்டேபிளை மடித்து வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "நாளைக்கே டாக்டர்கிட்ட போலாம்."

"போலாம். அதுக்கு முன்னாடி ஸ்டுடியோவுல ஒண்ணு பாக்கணும்" என்றாள்.

மறுநாள் கடை திறந்ததும் திறக்காததுமாக உள்ளே போய், முதல் படத்தைத் திறந்தாள். நிலாவை மறைத்தாள். வெற்றுத் திரையில் அவள் போட்ட ஒட்டுகள் மட்டும் மிதந்தன. இப்போது மூலப் படத்தைக் கொண்டுவந்து கீழே வைத்தாள். பொறுப்பாளர் சொன்ன இரண்டு வெளிச்சங்களும் அங்கே இருந்தன, எள்ளளவுக்கு. இரண்டின் மேலும் கச்சிதமாக அதே எள்ளளவுக்கு இரண்டு ஒட்டுகள் உட்கார்ந்திருந்தன. அடுத்த படத்திலும் அப்படியே. ஒன்பதிலும் அப்படியே.

அப்படியென்றால் கண் பார்த்திருக்கிறது. இவ்வளவு சின்னதைக்கூட ஒருதடவையும் தவறவிடவில்லை. கைதான் விசாரிக்காமல் தூசு என்று முடிவு கட்டிவிட்டது. அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். இவை இரண்டையும் தூசு என்று துடைத்தவள் வேறு எதையெல்லாம் துடைத்திருப்பாளோ என்ற யோசனை வந்துவிட்டது. இனி அவளைப் பிடிக்க முடியாது.

ஸ்கேனர் கண்ணாடியில் தூசு இருந்தால், எந்தப் படத்தை வைத்தாலும் அதே மூலையில்தான் புள்ளி விழும். எங்கிருந்தோ தெறித்த புள்ளி ஒரு படத்தில் மட்டும் வரும், அடுத்ததில் காணாமல் போகும். முகத்தோடு பிறந்த மச்சமோ முகம் திரும்பினால் கூடவே திரும்பும். அக்கா ஒன்பது படங்களையும், நிலாவின் பெரிய பள்ளம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தும்படி அடுக்கினாள். ஒட்டுகளை மட்டும் விட்டுவிட்டு நிலாவை மறைத்தாள்.

பெரும்பாலான ஒட்டுகள் கண்டபடி சிதறிக் கிடந்தன. இரண்டு இடத்தில் ஒன்பது ஒன்பதாகக் குவிந்திருந்தன. அவை தெரிந்த வெளிச்சங்கள். ஒரு மலை முகட்டுக்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு குவியல் இருந்தது. எண்ணிப் பார்த்தாள், ஏழு ஒட்டுகள். மீதி இரண்டு படங்களில் அந்த இடத்தை முகடு மறைத்திருந்தது.

முதலாளி கண்ணாடியைக் கழற்றிப் போட்டுப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையேக்கா."

"இங்க பாருங்க" என்று அக்கா சுட்டுவிரலை வைத்தாள். ஒட்டுகளை விலக்கி, மூலப் படத்தில் அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கி வெளிச்சம் கூட்டினாள். மங்கலாக ஒரு புள்ளி எழுந்து வந்தது. போனில் கூப்பிட்டதும் வந்து சேர்ந்த பொறுப்பாளர், திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தாள்.

"விண்கலத்துக்காரங்க குடுத்த பட்டியல்லயே இது இல்லையே மேடம்! என்ன இது?"

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்? தூசு இல்ல. அதை மட்டும் சொல்லுவேன்."

விண்கலத்துக்காரர்களுக்கு அன்றே எழுதினார்கள். மூன்றாம் நாள் பதில் வந்தது. 'கேமராக் கோளாறு என்று நாங்களும் அதை ஒதுக்கிவிட்டிருந்தோம். மறுபடி பார்த்தோம். இருக்கிறது. என்னவென்று தெரியவில்லை.' கண் டாக்டர் அதைவிடச் சுருக்கமாகச் சொன்னார்: படிக்கும் கண்ணாடியை மட்டும் மாற்றினால் போதும். முதலாளி கவுன்ட்டர் பேச்சை அதற்குப்பின் எடுக்கவில்லை. லேயர்களுக்காகப் புதிதாக ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி வைத்தார்.

படங்களை மறுபடி அச்சடித்து, சொன்ன தேதியில் கண்காட்சி திறந்தார்கள். அக்கா வீட்டுக்காரரோடு போயிருந்தாள். மூன்றாவது வெளிச்சத்துக்கு முன்னால் மட்டும் கூட்டம் நகரவே இல்லை. பெரியவர் ஒருவர் படத்தை உற்றுப் பார்த்தார். ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும். கைக்குட்டையை எடுத்து அந்தப் புள்ளியை அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தார்.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"விடுங்க சார், அது போகாது. நான் ஏழு தடவை துடைச்சுப் பாத்துட்டேன்."