ஐஃபெல் காட்டில் கைத்துப்பாக்கிக்கு இருக்கும் வேலை

ஜெர்மனியில் கைத்துப்பாக்கியால் மான் சுடலாமா என்று கேட்டு எனக்கு வரும் மின்னஞ்சல்கள் கொஞ்சநஞ்சமல்ல. அமெரிக்காவில் அண்ணன் சுடுகிறாராம், மச்சான் சுடுகிறாராம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இங்கே முடியாது. மானுக்கு ரைஃபிள்தான். பொறி வைப்பவர்களுக்குச் சில விலக்குகள் உண்டு, அதை விடுங்கள். மற்றபடி கைத்துப்பாக்கிக்குச் சட்டம் கொடுத்திருக்கும் வேலை, சூடு பட்டும் சாகாமல் கிடக்கும் விலங்கின் அருகில் போய் அதன் வேதனையை முடித்து வைப்பது. நான் அந்த வேலையைச் செய்துவிட்டு வந்தேன். இனிப்பான பயணக்கதை வேண்டுமென்றால் என் நோர்வேக் கட்டுரையைப் படியுங்கள்.

உலகக் கோப்பைக் காற்பந்து இங்கே நடந்ததற்கு அடுத்த வருடம், நவம்பரில் ஒரு சனிக்கிழமை. புதிதாக வாசிப்பவர்களுக்கு: நான் மன்னார்க்காரன், கொலோனில் இருபது வருடமாக இருக்கிறேன், பேருந்து ஓட்டுகிறேன். ஆயிரத்து எண்ணூறு யூரோ கட்டி வகுப்புக்குப் போய், இரண்டாவது தடவையில் வேட்டைப் பரீட்சை பாஸ் பண்ணினேன். உரிமம் கையில் வந்த பிறகுதான் தெரிந்தது, காடு முழுக்க யாராவது ஒருவரின் குத்தகையில் இருக்கிறது. குத்தகைக்காரர் அனுமதி தராவிட்டால் உரிமத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். இரண்டு வருடம் கதவு கதவாகக் கேட்டேன். கடைசியில் ஐஃபெல் மலைப்பகுதியில் ஹெர் வெபர் என்ற குத்தகைக்காரர், “என் காட்டில் ஓர் இடம் காலியாகிறது. நவம்பர் வேட்டைக்கு வாருங்கள், பார்ப்போம்” என்றார். பார்ப்போம் என்றால் இந்த நாட்டில் பரீட்சை என்று பொருள்.

“துவக்கு இல்லாத இடம் தேடித்தானே இஞ்சை ஓடி வந்தனாங்கள். இப்ப துவக்குக்கு நீங்கள் அன்ராக் போடுறியள்” என்று மனைவி சொன்னாள். அன்ராக் என்றால் இங்கே விண்ணப்பம். நான் சப்பாத்துக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன்.

கூட வந்தவர் செந்தில். வால்டோர்ஃபில் மென்பொருள் வேலை, சொந்த ஊர் திருநெல்வேலி, இந்த வலைப்பதிவின் வாசகர். கைத்துப்பாக்கிக் கேள்வியை முதலில் கேட்டவரும் அவரே. உரிமம் இல்லாதவர்கள் காடு கலைக்கும் ஆளாக வரலாம். கத்திக்கொண்டும் தடியால் தட்டிக்கொண்டும் நடந்து விலங்குகளைத் துப்பாக்கிக்காரர் பக்கம் விரட்டும் வேலை. சம்பளம் கிடையாது, பட்டாணி சூப் உண்டு. அவர் வெள்ளிக்கிழமை மாலை ரயிலில் கொலோன் வந்து எங்கள் வீட்டில் தங்கினார்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். எண்பது கிலோமீட்டர். நெடுஞ்சாலை முடிந்தபின் வளைவுகளில் பனி உறைந்திருந்தது, பனிக்கால டயர் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். ஏழு மணிக்குக் கூடும் இடத்தில் இருந்தோம். உரிமத்தைப் பார்த்தார்கள், செம்மஞ்சள் மேலங்கி கொடுத்தார்கள். பிறகு வெபர் விதிகளை வாசித்தார். ஒன்பதிலிருந்து பதினொரு மணிவரை, வேட்டை முடிந்ததென்று கொம்பு ஊதும் வரை, துப்பாக்கியோடு உட்காரும் மரப்பரணை விட்டு எவரும் இறங்கக் கூடாது. “மான் விழுந்தாலும் சரி, வானம் விழுந்தாலும் சரி” என்றார். சிரித்தோம். நியாயமான விதிதான். காட்டில் இருபது ரைஃபிள்கள் இருக்கும்போது இறங்கி நடப்பவன் குண்டுக்கு முன்னால் நடக்கிறான்.

பத்து மணியளவில் அடுத்த பரணில் சூடு கேட்டது. அங்கே இருந்தவர் வெபரின் மைத்துனர். அவர் சுட்டது ரே என்று இவர்கள் சொல்லும் சின்ன மான், பெட்டை. வயிற்றில் பட்டு, பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு என் பரணுக்கு முப்பது மீட்டரில் இருந்த முட்புதருக்குள் விழுந்தது. பிறகு கத்தத் தொடங்கியது. ரே கத்தும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அது கைக்குழந்தையின் வீறலுக்கு இவ்வளவு கிட்ட இருக்கும் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

மேலிருந்து புதர்தான் தெரிந்தது, மான் தெரியவில்லை. காடு கலைப்பவர்கள் அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்ததால் ரைஃபிளைத் தூக்கவும் ஏலாது. கொம்பு ஊத இன்னும் ஒரு மணி நேரம் கிடந்தது. அந்த நேரத்தில் புதருக்கு முதலில் வந்து சேர்ந்தவர் செந்தில்.

“அண்ணே, இது சாகலண்ணே! குடல் வெளிய கிடக்கு. வந்து சுடுங்கண்ணே!”

“இறங்க ஏலாது தம்பி. கொம்பு ஊதோணும்.”

“அதுவரைக்கும் இது இப்படியேவா கிடக்கணும்?”

கேள்வியில் பிழை இல்லை. ஏதாவது ஒரு காட்டில் இடத்துக்காக இரண்டு வருடம் அலைந்தவன் நான், அது இன்றைக்குக் கிடைக்கும் அல்லது கிடைக்காமல் போகும். இதெல்லாம் செந்திலுக்குத் தெரியும், முதல் நாள் இரவு சாப்பாட்டில் நானே சொன்னேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். சத்தம் நின்றபாடில்லை. ரைஃபிளில் இருந்த குண்டுகளை எடுத்துவிட்டு அதைப் பரணிலேயே வைத்தேன், கலைப்பவர்களை நோக்கிக் கத்திக் கையைக் காட்டினேன், இறங்கினேன்.

“எனக்குப் பின்னாலை நில்லும். அதைப் பாராதையும்.”

இரண்டு மீட்டரில் நின்று, மண்ணை நோக்கிச் சரித்து, ரிவால்வரால் ஒரு சூடு. செகண்ட் ஹேண்டில் முந்நூற்றைம்பது யூரோவுக்கு வாங்கிய அந்தச் சாமான் முதல் தடவையாகத் தன் வேலையைச் செய்தது. காடு அமைதியானது. செந்தில் பார்த்துக்கொண்டுதான் நின்றார். திரும்பிப்போய் ஏறினேன். பதினொரு மணிக்குக் கொம்பு ஊதியது.

கீழே, காலையில் கூடிய இடத்தில், சுட்ட விலங்குகளை ஊசியிலைக் கிளைகள் மேல் வரிசையாகக் கிடத்தினார்கள். இங்கே முதல் குண்டு யாருடையதோ வேட்டை அவருடையது. வெபர் பாராட்டுக்கு அடையாளமாகத் தன் தொப்பியில் ஒரு சின்னக் கிளையை வைத்து மைத்துனருக்கு நீட்டினார். எல்லோரும் கைகுலுக்கினார்கள். “கொஞ்சம் பின்னால் பட்டுவிட்டது” என்று சொல்லி மைத்துனர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பிறகு வெபர் என்னைத் தனியே கூப்பிட்டார். செந்திலும் கூடவே வந்தார்.

“கொம்பு ஊதும் முன் இறங்கினீர்களா?”

“இறங்கினேன்.”

“சுட்டது சரி. இறங்கியது தவறு. உங்களுக்கு என் காட்டில் இடம் தர முடியாது.”

செந்தில் ஆங்கிலத்தில் பாய்ந்தார். இவர் இறங்கியிருக்காவிட்டால் அது இன்னும் ஒரு மணி நேரம் கத்தியிருக்கும் என்றார்.

“தெரியும்” என்றார் வெபர். “எங்கள் எல்லோருக்கும் கேட்டது.”

கோபமாகச் சொல்லவில்லை, மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னார். இருபது பேர் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். செந்தில் சூப்பைத் தொடவில்லை. நான் குடித்தேன், குளிர் அப்படி.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கைத்துப்பாக்கியை நம்பி யாரும் இங்கே வேட்டைக்கு வராதீர்கள். உரிமத்துக்குப் பணம் கட்டும் முன் காட்டில் இடம் தரும் ஆளைத் தேடுங்கள். முழங்கால்வரை சப்பாத்து வேண்டும், பருத்திச் சட்டை வேண்டாம். பரணை விட்டு இறங்கலாமா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். இறங்கு என்று எழுதினால் நாளைக்கு ஒருவர் குண்டடி பட்டுச் சாவார். இறங்காதே என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

ஒன்று விட்டுப்போனது. கார் கதவருகே வந்து வெபர் என் தோளில் தட்டினார். “அடுத்த நவம்பரில் காடு கலைக்க வாருங்கள். கலைப்பவர்கள் எங்கு வேண்டுமானாலும் நடக்கலாம்” என்றார். நான் சிரித்துக்கொண்டே நன்றி சொன்னேன், கட்டாயம் வருகிறேன் என்றேன். தஞ்சம் கேட்டு வந்த நாளிலிருந்து இந்த நாட்டில் யார் எதை நீட்டினாலும் முதலில் நன்றி சொல்லித்தான் பழக்கம். நெடுஞ்சாலையில் ஏறி, வீட்டுக்குப் பாதி வழி வந்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது.