ஆப்சென்ட் என்றே இருக்கட்டும்

இதை எழுதலாமா என்று பல வருடம் தயங்கினேன். அவருக்குப் புகழ்ச்சி பிடிக்காது. பெருமாள்மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

மாமல்லபுரத்தில் நான் சமையல் வேலை பார்த்த ஓட்டலில் துணிகளுக்கு இஸ்திரி போடுபவர் அவர். ஒல்லி உடம்பு, நரைத்த மீசை. காலையில் வருகைப்பதிவு மெஷினுக்கு முகம் காட்டும்முன், சந்நிதியில் நிற்பதுபோல் சட்டைப் பட்டனைச் சரிசெய்து தலை வாரிக்கொள்வார். வருடம் முழுக்கத் தவறாமல் வந்தவர் பெயருக்கு எதிரே கம்ப்யூட்டர் நட்சத்திரம் போடும். அது இருந்தால்தான் வேலை நிரந்தரம்.

வருடக் கடைசியில் என் மனைவிக்குப் பிரசவத்தில் ரத்தம் தேவைப்பட்டது. அவர் வேலைக்குப் போகாமல் என்னோடு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தம் கொடுத்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மறுநாள் மேனேஜரே இரங்கி, "ஒரு நாள்தானே, வந்ததா மாத்திடறேன்" என்றார்.

"வாணாம் சார். வராத நாள வந்தேன்னு போட்டா, வந்த நாளெல்லாம் பொய்யாப் பூடும்."

எனக்குப் பதறியது. "அண்ணாத்த, பர்மனென்ட் ஆவாது!"

"ஆவாட்டி போவுது. கொயந்த எப்டி கீது? அத்தச் சொல்லு மொதல்ல."

அந்த வருட நட்சத்திரம் அவருக்குக் கிடைக்கவில்லை; வேலையும் நிரந்தரமாகவில்லை. இப்படியும் ஒரு மனிதரா என்று இன்றும் கைகூப்புகிறேன்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். அவர் அன்று வேலைக்கு வந்ததாக மட்டும் மாற்றிவிடாதீர்கள். வரவில்லை என்றே சொல்லுங்கள்.