சைலன்சரில் ஒரு பொட்டு

சுவிஸில், கூர் நகருக்கு மேலே மலையில் நான் சமைக்கும் ஹோட்டலின் பின்புறம் கிடந்த, பனியில் ஓட்டும் பழைய ஸ்னோமொபைல் வண்டியை முதலாளி எனக்கே தந்துவிட்டார். எஞ்சின் ஓடியது. துருப்பிடித்த சைலன்சருக்குத்தான் பெயிண்ட் வேண்டும். மனைவிக்குச் சிவப்பில் ஆசை. கடையில் இருந்த சிவப்பு முந்நூறு பாகைச் சூட்டுக்கு மேல் தாங்காது. அறுநூறு தாங்குவது கறுப்பு ஒன்றுதான். அதையே வாங்கினேன். முதல் சூட்டில்தான் அந்தப் பெயிண்ட் இறுகும், அதுவரை தொடக்கூடாது என்று டப்பாவில் எழுதியிருந்தது. வீட்டில் எல்லோரையும் எச்சரித்தேன்.

பூசிக் காயவைத்து, திரும்பப் பூட்டி, வண்டியைப் பனிக்குள் இழுத்து வந்தேன். கையுறை எடுக்க உள்ளே போய் வருவதற்குள், மனைவி வண்டியின் சறுக்குக்கட்டைகளின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, சைலன்சரில் சந்தனப் பொட்டையும் அழுத்திவிட்டாள்.

“தொடாதையும் எண்டு சொன்னனான் எல்லோ!” என்று கத்தினேன்.

“பழசெண்டாலும் எங்களுக்குப் புது வண்டிதானே. பொட்டில்லாமல் ஓடுறதோ?”

எஞ்சினைக் கிளப்பினேன். எதிரே இருந்த மலை மறையும் அளவுக்குப் பெயிண்ட் புகைந்தது. சந்தனம் கருகி உதிர்ந்தது.

ஆறியபின், மீண்டும் பூசுவதற்கு டப்பாவோடு குனிந்தேன். நகத்தால் கீறிப் பார்த்தேன். கீறல் விழவில்லை. பொட்டிருந்த இடத்தில் அவளுடைய மோதிரவிரலின் ரேகை, ஒரு சுழி விடாமல், கறுப்பில் இறுகியிருந்தது. பனியில் முழங்கால் நனைவதும் தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு டப்பாவை மூடினேன்.