கடையிலிருந்து வந்த கஞ்சி

மகளே, நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். நீ கல்லூரியில் படிக்கும் சமூகவியலை, சாப்பிடும்போது நீ சொல்லிக் கேட்டதுதான் எனக்குத் தெரியும்.

ஒருநாள் சொன்னாய்: முன்பு எல்லோருக்கும் ஒரே வேலை, அதனால் ஒரே மாதிரி வாழ்ந்து ஒட்டிக்கொண்டார்கள். பிறகு ஆளுக்கொரு வேலை வந்தது. இப்போது ஒருவருக்கு மற்றவர் தேவைப்படுவதால் சேர்ந்திருக்கிறார்கள். ஊர் மாறுவது இப்படித்தான்.

அடுக்களையிலிருந்து உன் அம்மை கேட்டாள்: “அப்போ நான் செத்தா எவட்டி கஞ்சி கொண்டு வருவா?”

துக்க வீட்டில் அடக்கம் முடியும்வரை அடுப்பு எரியாது. பக்கத்து வீடுகளிலிருந்து கஞ்சியும் பயறும் வரும். நம் தெருவில் முதல் தூக்குவாளி எப்போதும் அவளுடையது.

“கடையில இருந்து வரும்மா, பயப்படாத” என்றாய்.

“உப்பு போட்டிருக்கானான்னு பாத்து வாங்கு, கேட்டியா.”

மூன்று பேரும் சிரித்தோம்.

அவளைச் சவப்பெட்டியில் கிடத்தியிருந்த காலையில் ஒருவன் பைக்கில் கஞ்சி கொண்டுவந்தான். பழக்கத்தில் கேட்டுவிட்டேன்: “எந்த வீட்டுக் கஞ்சிடே?”

“இரணியல் கடையில இருந்து, பெரியவரே. துபாய்ல இருந்து உங்க மவன் போன்ல சொன்னாரு.”

நீ உள்ளே போய்க் கதவைச் சாத்தினாய். அன்று மூடிய புத்தகத்தை இன்னும் திறக்கவில்லை. கல்லூரிக்கும் போகவில்லை. “அம்மைய வச்சு நான் தமாஷ் பண்ணுனேன்ப்பா” என்று மட்டும் சொன்னாய்.

எனக்கும் அன்று தெருவின்மேல் ஆத்திரம்தான். இத்தனை வீட்டுக்கு அவள் சுமந்தாளே, ஒரு வாளி திரும்பி வரவில்லையே என்று. கல்லறையிலிருந்து திரும்பியபோது அடுத்த வீட்டு நர்ஸ், யூனிபார்மோடு வாசலில் நின்றாள். “டூட்டி மாத்தி விட ஆளில்லண்ணே, மொகத்தக்கூட பாக்கலியே” என்று அழுதாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் நினைத்தேன். அப்போது நீ சொன்ன பாடம் நினைவுக்கு வந்தது. அவளுக்குப் பிரியம் குறையவில்லை, வேலைதான் வேறாகிவிட்டது. “உள்ள வா மக்கா” என்றேன். நீ படித்திருக்காவிட்டால் அந்த வார்த்தை என் வாயில் வந்திருக்காது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். நீ சொன்னது சரி. சரியான ஒன்றைச் சொன்னதற்காக அம்மை உன்னைக் கோபித்திருக்க மாட்டாள். திங்கட்கிழமை கல்லூரிக்குப் போ.

ஆனால் மகளே, ஊர் ஏன் மாறியது என்று புரிந்ததால் எனக்கு நோவு குறையவில்லை. அன்று நீ வெளியே வராததால் நான் மட்டும் ஒரு வாய் குடித்தேன். கஞ்சியில் உப்பு இல்லை. அவளிடம் சொல்லத்தான் அடுக்களைப் பக்கம் திரும்பினேன்.