முசிறி அத்தைக்குப் பொங்கல் சீர்

எங்களுக்கென்று சொந்தமாக ஒரு வீடு வந்த வருஷத்தில்தான் எங்கள் வீட்டில் எல்லாம் குறைய ஆரம்பித்தது. அதுவரை ஸ்ரீரங்கத்தில் வாடகைக்கு இருந்தோம். அங்கே ஞாயிற்றுக்கிழமை என்றால் ஹோட்டல் தோசை உண்டு, எப்போதாவது சினிமா உண்டு, சாயங்காலம் அப்பாவின் ஸ்கூட்டரில் காவிரிப் பாலம் வரை போய்க் காற்று வாங்கிவிட்டு வருவதும் உண்டு. எடமலைப்பட்டி புதூரில் வீடு வாங்கிக் குடிவந்த பிறகு ஹோட்டல் தோசை வீட்டுத் தோசையாயிற்று. சினிமா போயிற்று. ஸ்கூட்டருக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. சொந்த வீட்டுக்காரர்கள் என்றால் பணக்காரர்கள் என்று நம்பியிருந்த எனக்கு இது பெரிய ஏமாற்றம்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. 'இஎம்ஐ' என்கிற வார்த்தை எங்கள் வீட்டில் சாமி பெயரைவிட அதிகமாகப் புழங்கியது. மாதம் பிறந்ததும் முதலில் அந்த வீட்டுக் கடன் தவணை போகும். மிச்சத்தில் மளிகை, பால், கரன்ட், என் ஸ்கூல் பஸ் எல்லாம் நடக்க வேண்டும். மளிகைக்கும் முன்னால் அம்மா ஒரு சின்னத் தொகையை பேங்கில் மாதச் சேமிப்பாகக் கட்டிவிடுவாள். "நாளைக்கு யாருக்காவது உடம்புக்கு ஒண்ணுன்னா யார் வாசல்ல போய் நிக்கிறது?" என்பாள். அதில் யாரும் கை வைக்கக் கூடாது. மிக்ஸி பழுதானபோதுகூட அவள் அதைத் தொடவில்லை. அடுத்த சம்பளம் வரும் வரை பக்கத்து வீட்டில் போய்ச் சட்னி அரைத்துக்கொண்டு வந்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது பொங்கல் வந்தது. அப்பாவுக்கு ஒரே தங்கை. முசிறியில் விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். தாத்தாவும் பாட்டியும் போய்விட்டதால் அத்தைக்கு அப்பாதான் பிறந்த வீடு. வருஷா வருஷம் பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, ஒரு நல்ல புடவை என்று கார் வைத்துக் கொண்டுபோய்ச் சீர் கொடுத்துவிட்டு வருவோம்.

"இந்த ஒரு தடவை பேங்க்ல போட்டதை எடுத்துடலாமா?" என்று அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அதை எடுக்க வேணாங்க."

"அப்ப வெறும் கரும்பைத் தூக்கிட்டுப் போய் நிக்கச் சொல்றியா? அவ மாமியார் முன்னாடி அவளுக்குத்தான் தலையிறக்கம்."

"சீர்ல ஒண்ணும் குறையாது. நான் பாத்துக்கறேன்."

அம்மா பீரோவைத் திறந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தாள். அதில் இருந்த புடவை எனக்குத் தெரியும். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அம்மாவின் பிறந்த வீட்டுச் சீராக மாமா கொண்டுவந்தது. அன்றைக்கு அத்தைதான் அதைத் தட்டிலிருந்து எடுத்து அம்மாவின் தோளில் போட்டுப் பார்த்து, "அண்ணி, இதைக் கட்டினா நீங்கதான் கல்யாணப் பொண்ணு" என்று எல்லாரையும் சிரிக்க வைத்தாள். பொங்கலுக்குக் கட்டிக்கொள்கிறேன் என்று அம்மா மடிப்புக் கலையாமல் வைத்திருந்தாள்.

"அம்மா, இது உன்னோடது!" என்றேன்.

"உஷ். அங்க போய் எதையும் உளறக் கூடாது" என்று அம்மா பெட்டியை மூடினாள். அப்பா தண்ணீர் மோட்டாரை நிறுத்தப் போனார். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கவே இல்லை.

இந்த முறை கார் கிடையாது. சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நானும் அப்பாவும் பஸ்ஸில் போனோம். கரும்புக் கட்டு உள்ளே நிற்க இடம் கேட்டது. ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லார் தலையிலும் அதன் தோகை உரசியது. "மாப்ள வீட்டுக்கா சார்?" என்று கேட்ட கண்டக்டர், அப்பா தலையாட்டியதும் அதற்கு லக்கேஜ் போடாமல் விட்டுவிட்டார். அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் மிச்சமாகும் எதுவும் ஒரு சந்தோஷம்தான்.

அத்தை வாசலுக்கே ஓடிவந்து என்னைத் தூக்கிக்கொண்டாள். அவளுடைய மாமியார் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, தட்டில் வைத்த ஒவ்வொன்றையும் கண்ணால் எடை போட்டார். கடைசியில் அத்தை புடவைப் பெட்டியைத் திறந்தாள். முந்தானையைப் பிரித்த கை ஒரு கணம் அப்படியே நின்றது. அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்னம்மா, பிடிக்கலையா?" என்றார் மாமியார்.

"பிடிக்காம என்னங்க அத்தை! எங்க அண்ணிக்குத்தான் எனக்கு எடுக்கற நிறம் தெரியும். இத்தனை வருஷத்துல இதுதான் ஒசத்தி" என்று அத்தை அதைத் தோளில் போட்டுக் காட்டினாள். மாமியாரும் கரையைத் தடவிப் பார்த்து, "கனமாத்தான் எடுத்திருக்காங்க" என்றார். அப்பா காலண்டரிலிருந்து கண்ணை எடுத்தார். போயிற்று, அம்மாவின் புடவை அத்தைக்கு ரொம்பவே பிடித்துவிட்டது.

பொங்கலன்று அம்மா பழைய பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு பால் பொங்குவதைப் பார்த்துச் சிரித்தாள்.

பொங்கல் கழிந்து சில நாளில் அத்தை சொல்லாமல் கொள்ளாமல் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கூடவே ஒரு மூட்டை அரிசி, ஒரு வாழைத்தார், கோணிப் பை நிறையத் தேங்காய், கேனில் எண்ணெய்.

"என்னத்துக்கு இதெல்லாம்?" என்றாள் அம்மா.

"எனக்கு வெளி அரிசி ஒத்துக்கறதில்ல அண்ணி. வயிறு உப்பிக்குது. எண்ணெயும் அப்படித்தான்" என்றாள் அத்தை, செருப்பைக் கழற்றியபடி.

எனக்குச் சுருக்கென்றது. ஸ்ரீரங்கத்தில் இருந்தபோது இதே அத்தை எங்கள் வீட்டுச் சோற்றை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவள். அதுவும் இரண்டு நாள் தங்க வருகிறவளுக்கு ஒரு மூட்டை அரிசியா? அப்படிக் கொண்டுவந்தவள் நன்றாகச் சாப்பிட்டாளா என்றால் அதுவும் இல்லை. கொஞ்சமாகக் கொறித்துவிட்டு, என் தட்டில்தான் நெய்யும் பழமுமாக வைத்துக்கொண்டிருந்தாள்.

கிளம்புகிற அன்றைக்குப் பையிலிருந்து அதே அட்டைப்பெட்டியை எடுத்தாள். "அண்ணி, தப்பா நினைக்காதீங்க. கட்டிப் பாத்தேன், இந்த நிறம் எனக்கு எடுக்கவே இல்ல. பீரோல சும்மா கிடக்கும். நீங்களே கட்டிக்கோங்க."

"அது உனக்குக் கொடுத்த சீர்" என்றாள் அம்மா.

"கொடுத்தாச்சு, நானும் வாங்கியாச்சு, எங்க மாமியாரும் பாத்தாச்சு. அப்புறம் என்ன?"

அம்மா பெட்டியை மார்போடு அணைத்தபடி கொல்லைப்பக்கம் போய்விட்டாள். நான் பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அத்தை மேல் கோபமாக வந்தது. முசிறியில் ஒசத்தி என்றவள் இங்கே வந்து எடுக்கவில்லை என்கிறாள். எங்கள் அரிசி ஆகாது, எண்ணெய் ஆகாது, இப்போது புடவையும் ஆகாது. அம்மாவை அழவும் வைத்துவிட்டாள். போதாக்குறைக்குப் பாதிகூடக் குறையாத அரிசி மூட்டையை வேறு மறந்து விட்டுவிட்டுக் கிளம்புகிறாள்.

அப்பாவும் நானும் பஸ் ஏற்றிவிடப் போனோம். நிறுத்தத்தில் நிற்கும்போது என்னால் அடக்க முடியவில்லை.

"அத்தை, எங்க வீட்டுல உங்களுக்கு எதுவுமே பிடிக்கலையா?"

அப்பா சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தை குனிந்து என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"ஆமாடி கண்ணு. உங்கம்மாவைத் தவிர எதுவும் பிடிக்கல" என்றாள்.

பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ் திரும்பும் வரை அத்தை கையசைத்தாள். நான் கையசைக்கவில்லை. அம்மாவை அவ்வளவு பிடிக்கிறவள், அம்மா கொடுத்ததை எதற்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே அப்பாவின் விரலைப் பிடித்தபடி வீட்டுக்கு நடந்தேன்.