சும்மா என்றால் நின்றுவிடும் பாட்டு

அந்த வேனில் பாட்டுப் பெட்டியின் குமிழ் கறுப்பு நிறம். ஆனால் அதன் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து வெளுத்திருக்கும். டிரைவர் அண்ணாச்சியின் பெருவிரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம் அது. இப்போது வேறு ஒருவர் வண்டி ஓட்டுகிறார். அவர் காலையில் ரேடியோவைப் போட்டுவிட்டால் கோவில்பட்டி போய்ச் சேரும்வரை அது பாட்டுக்குக் கத்திக்கொண்டு வரும். யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. நான் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து அந்த வெளுத்த இடத்தையே பார்த்துக்கொண்டு வருகிறேன். புதுசாக்குகிறேன் என்று யாராவது பெயிண்ட் கியிண்ட் அடித்துவிடுவார்களோ என்று அதற்கும் ஒரு பயம்.

நாங்கள் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸுக்கு, அதாவது தீப்பெட்டி செய்கிற கம்பெனிக்கு, வேலைக்குப் போகிறவர்கள். நாகலாபுரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற என் ஊரில்தான் வேன் புறப்படும். அதனால் முதலில் ஏறுகிறவளும் நான், சாயங்காலம் கடைசியாக இறங்குகிறவளும் நான். ஆபீஸ் வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். உள்ளே தீக்குச்சி மருந்து இருக்கிற இடம், பொறி கிறி பட்டுவிடக் கூடாது. ஆக, பகல் முழுவதும் எங்களுக்கு மிஷின் சத்தம்தான். பாட்டு என்பது வேனில் போகும்போதும் வரும்போதும் மட்டுமே.

அதற்கு அண்ணாச்சி ஒரு முறை வைத்திருந்தார். யார் வேண்டுமானாலும் பாட்டுக் கேட்கலாம். அவர் தன் போனில் தேடிப் போடுவார். ஆனால் முன்னிசை ஓடும்போதே பெருவிரலைக் குமிழின் மேல் வைத்துக்கொண்டு, கண்ணாடியில் பார்த்து, "காரணம் சொல்லுங்க தாயி" என்பார். காரணம் சொன்னால் விரலை எடுப்பார், பாட்டு ஓடும். "சும்மாதான் அண்ணாச்சி" என்று சொன்னால் டப்பென்று குமிழைத் திருகிவிடுவார். "சும்மா ஓடுததுக்கு இது என்ன காத்தாடியா? டீசல் ஊத்துனாத்தான் வண்டி ஓடும். காரணம் சொன்னாத்தான் பாட்டு ஓடும்."

நாகலாபுரத்து அக்காவுக்குக் காரணத்துக்குப் பஞ்சமே கிடையாது. ஒரு பழைய காதல் பாட்டை அடிக்கடி கேட்பாள். "இதப் பாடித்தான் எங்க வீட்டுக்காரரு என்னய ஏமாத்திக் கட்டுனாரு. காலையில ஒருக்க கேட்டாத்தான் அந்தாளத் திட்டுததுக்குத் தெம்பு வருது" என்பாள். வேன் முழுக்கச் சிரிப்பாகிவிடும். புதிதாகக் கல்யாணமாகி விளாத்திகுளத்தில் ஏறுகிற ஒரு பிள்ளை, ஒருநாள் குத்துப்பாட்டு ஒன்றைக் கேட்டது. காரணம் கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டு, "பள்ளிக்கூடத்துல இதுக்கு ஆடித்தான் பரிசு வாங்குனேன். இப்பம் வீட்டுல போட்டா மாமியா வைவாவ" என்றது. எட்டயபுரம் வரைக்கும் அண்ணாச்சி அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டார். "ஏட்டி, கால ஆட்டு. இங்கன எவ வந்து பாக்கப் போறா?" என்று அக்கா அதை இடித்துக்கொண்டே வந்தாள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் தப்பாகிவிடுமோ என்றே பாதி ஆயுள் போய்விட்டது. அதனால் வெகுநாள் பாட்டே கேட்கவில்லை. ஒருநாள் துணிந்து கேட்டேன். ஒரு தாலாட்டு. "காரணம் சொல்லுங்க தாயி." "சும்மா" என்று சொல்லிவிட்டேன். குமிழ் திரும்பியது. "சும்மாக்காரி வந்துட்டா" என்று அக்கா கேலி பண்ணினாள். அன்றைக்குச் சாயங்காலம் எல்லோரும் இறங்கியபிறகு, நானும் அவரும் மட்டும் இருக்கும்போது, அவர் மறுபடி அந்தப் பாட்டைப் போட்டு விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் பருத்தி வெடித்துக் கிடக்கிற கரிசல் காடு. யார் காதிலும் விழாது. சொன்னேன்.

என் மகளுக்கு வலிப்பு வரும். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வேலைக்கு வருகிறேன். பகலில் போன் கையில் இருக்காது. அவள் எங்கே விழுந்தாளோ, நாக்கைக் கடித்துக்கொண்டாளோ என்று நாள் முழுக்கப் பயந்துகொண்டிருப்பேன். இந்தத் தாலாட்டு அவளுக்குப் பிடித்த பாட்டு. இதை அவள் முணுமுணுக்கிற நாளில் வலிப்பு வருவதில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. காலையில் நானும் வேனில் இதைக் கேட்டுவிட்டால் அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று தோன்றும். பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரியும்.

அண்ணாச்சி "பைத்தியம்" என்று சொல்லவில்லை. விரலை எடுத்தார். அதற்குப் பிறகு தினமும் காலையில் நான் ஏறியதும், சாயங்காலம் எனக்கு முந்தின ஆள் இறங்கியதும், நான் கேட்காமலேயே அந்தப் பாட்டு வரும். ஊர் வளைவில் எங்கள் வீட்டு வேப்பமரம் தெரிகிற இடத்தில் சரியாகப் பாட்டை நிறுத்துவார். வாசலில் மகள் நிற்பது தெரிந்தால், "நிக்காவ தாயி" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் பகல் முழுவதையும் தள்ளிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலையில் வேன் வரவில்லை. அக்காவுக்குப் போன் போட்டேன். நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் என்பதால் அவள், "வழியில டயர் கியர் போயிருக்கும், நீ ஒருத்தி" என்று சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அவளே திரும்பக் கூப்பிட்டாள். அப்போது அவள் சிரிக்கவில்லை. பல் விளக்கப் போன இடத்தில் அண்ணாச்சி விழுந்துவிட்டாராம். மூளையில் ரத்தக் கசிவாம். என் வாழ்க்கையில் நான் பயந்ததெல்லாம் நடந்ததில்லை. பயப்படத் தோன்றாத ஒன்று நடந்துவிட்டது.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். கண் திறந்திருக்கிறது. பார்க்கிறாரா என்று சொல்ல முடியாது. மூக்கில் குழாய். உள்ளே கேட்டுக்கொண்டும் இருக்கலாம், பிடித்த பாட்டைப் போட்டுக் காட்டுங்கள், பேச்சுக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னாராம். மதினி, அண்ணாச்சியின் மனைவி, எங்களுக்குப் போன் போட்டாள். "அவியளுக்கு எந்தப் பாட்டும்மா புடிக்கும்? வீட்டுல ஒரு நாளும் பாட்டுக் கேட்டதில்ல. வேன்லதான் கேப்பாவன்னு சொல்லுதாவ. ஒங்களுக்குத் தெரியும்லா?"

வேனில் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தோம். ஆளுக்கொரு பாட்டைச் சொன்னோம். ஒவ்வொருத்தியும் சொன்னது அவளவள் பாட்டு. கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் அது உறைத்தது. அக்காதான் மெதுவாகச் சொன்னாள்: "நான் ஒருக்க கேட்டேன்ட்டி. வண்டி ஓட்டுதவனுக்கு என்னத்துக்குப் பாட்டு, ரோட்டப் பாக்கணும்லான்னுட்டாரு." அந்தப் பக்கம் மதினி வைக்காமல் காத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகப் போனோம். அக்கா தன் பாட்டைப் போட்டு, வீட்டுக்காரரைத் திட்டிக் காட்டினாள். விளாத்திகுளத்துப் பிள்ளை குத்துப்பாட்டைப் போட்டுவிட்டு, பாதியில் அழுதுவிட்டது. அவர் கண் மேலே விட்டத்தைப் பார்த்தபடியே இருந்தது. போகப் போக ஆட்கள் குறைந்துவிட்டார்கள். குறை சொல்ல முடியாது, இருக்கிறது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் மட்டும் மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போகிறேன். தாலாட்டைப் போட்டு, காரணத்தையும் சொல்கிறேன். மாத்திரை மாற்றியிருக்கிறார்கள் அண்ணாச்சி, இந்த வாரம் வலிப்பு வரவில்லை அண்ணாச்சி, ஆனாலும் பயமாகத்தான் இருக்கிறது அண்ணாச்சி. மகள் பக்கத்தில் உட்கார்ந்து முணுமுணுப்பாள். அவர் மூச்சு மட்டும் ஒரே சீராக வந்துகொண்டிருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு வெறி மாதிரி வந்துவிட்டது. என்ன சொன்னாலும் அசையாத மனுஷனை எது அசைக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அவருக்குப் பொறுக்காத சொல் ஒன்றே ஒன்றுதான். மதினி வைத்திருக்கிற கையகல ஸ்பீக்கரைக் கட்டிலில் அவர் கைக்குள் வைத்து, பெருவிரலைத் தூக்கி அதன் பொத்தான்மேல் வைத்தேன். விரல் சூடாக இருந்தது. லேசாக அழுத்தினால் போதும், நின்றுவிடும். பாட்டைப் போட்டேன். முன்னிசை ஓடியது. அவர் காதருகே குனிந்தேன்.

"காரணம் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. சும்மாதான் கேக்குதேன்."

மதினி அடுப்படியிலிருந்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சும்மாதான் அண்ணாச்சி," கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். "கேக்குதா? சும்மா!" மகள் முணுமுணுப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வேனில் சும்மாவுக்கு எந்தப் பாட்டும் முன்னிசையைத் தாண்டியதில்லை. அன்றைக்குப் பல்லவி போனது, சரணம் போனது, பாட்டு முழுசாக ஓடி முடிந்தது. விரல் வைத்த இடத்திலேயே இருந்தது.