மணம் தெரியாத குளவிகள்

மியாவ் குய்லானுக்கு நாற்பத்து நான்கு வயது. ஹாங்ஜோ நகரில் எங்கள் பூச்சி ஆய்வுக்கூடத்தில் குளவி வளர்ப்பு அறை அவள் பொறுப்பு. நான் பக்கத்துக் கண்ணாடிக் கூடத்தில் முட்டைக்கோஸ் நாற்று வளர்ப்பவள். மதிய நூடுல்ஸ் இருவரும் சேர்ந்துதான்.

அவள் வளர்த்தவை எறும்பைவிடச் சிறிய குளவிகள். முட்டைக்கோஸ் புழுவின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சுகள் புழுவைத் தின்று வளரும். புழு கடித்த இலையின் வாசனையைப் பிடித்துத்தான் தாய்க்குளவி அங்கே போய்ச் சேரும். அந்த மோப்பத்துக்கு எந்த மரபணு காரணம் என்று தேடியவர் டாக்டர் ஷி வான்ரோங். குய்லானைவிட இரண்டு வயது மூத்தவர். ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்த குளவிகளைத் தனிக் கூண்டில் விட்டு, வம்சம் அற்றுப்போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் குய்லானிடம் ஒப்படைத்தார்.

ஆனால் கூண்டில் எண்ணிக்கை வாரா வாரம் குறைந்தது. குளவிகள் புழு இருந்த இலைப் பக்கமே போகவில்லை. குய்லானின் வேலை ஒப்பந்தம் முடியப்போகும் வருடம் அது. தன் வளர்ப்பில்தான் குறை என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை, அடுத்த கூண்டிலிருந்து இருபது சாதாரணக் குளவிகளை எடுத்து இதில் விட்டுவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்துச் சோதனை நடந்தது. குளவிகள் வாசனை வந்த பக்கம் நேராகப் போயின. மோப்பத்துக்கு அந்த மரபணு தேவையே இல்லை என்று ஷி கட்டுரை எழுதத் தொடங்கினார்.

அன்று குய்லான் கிண்ணத்தைத் தொடவே இல்லை.

"ஏண்டி, உடம்புக்கு என்ன?" என்றேன்.

சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வாயத் தொறந்தே, வேலை போயிடும்டி!"

"போனாப் போகுது. டாக்டர் தப்பான முடிவை ஊரு முழுக்கச் சொல்லப் போறாங்க. அது அவங்க தப்பில்லயே, என்னோடது."

நேரே ஷியின் அறைக்குப் போய், குளவிகளைக் கலந்துவிட்டதைச் சொன்னாள். நான் வாசலில் நின்றேன்.

"எத்தனை நாளா?" என்று கேட்டார் ஷி.

"ரெண்டு மாசமா, டாக்டர்."

"குளவி சாகுதுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன கேடு?"

"நான் சரியா வளக்கலேன்னு நெனைப்பீங்கன்னு..."

"அடிப் பாவி! புழுவைக் கண்டுபிடிக்க முடியாம அதுங்க வம்சம் குறையுதுல்ல? நான் தேடிட்டிருந்த பதிலே அதுதான்!"

கோபம் அடங்க அவருக்கு இரண்டு நாள் ஆனது. பிறகு ஒவ்வொரு குளவியிலும் ஒரு காலை எடுத்து மரபணுச் சோதனை செய்தார். நூற்று நாற்பதில் பதினொன்று மட்டும் கலப்பில்லாதவை. அவையும் முட்டையிடாமல் செத்தால் கதை முடிந்தது.

குய்லான் அதில் ஒரு பெண் குளவியை மெல்லிய தூரிகையால் தொட்டெடுத்துப் புழுவின் முதுகிலேயே விட்டாள். அது உணர்கொம்பால் தடவிப் பார்த்தது. வயிற்றை வளைத்து, முட்டையிடக் குத்தியது.

"டாக்டர், குத்திருச்சு! ஓடி வாங்க!"

ஷி உருப்பெருக்கியில் குனிந்தவர் நிமிர வெகுநேரமானது. தூரத்து மணம்தான் அவற்றுக்குத் தெரியவில்லை. தொட்டு அறிவதற்கு வேறு வழி இருந்தது. அன்றிலிருந்து குய்லான் ஒவ்வொரு குளவியையும் கையால் புழுவின் மேல் சேர்த்தாள். வம்சம் பிழைத்தது. கட்டுரை வேறு முடிவோடு மறு வருடம் வெளியானது.

குய்லானுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஒப்பந்தத்தை மூன்று வருடத்துக்குப் பதிலாக ஒரு வருடத்துக்குத்தான் நீட்டினார்கள். மாதாமாதம் ஷி அந்தக் கூண்டைச் சோதிக்கிறார்.

"உம்மேல இன்னும் நம்பிக்கை வரலையா அவங்களுக்கு?" என்று கேட்டேன்.

"சோதிக்கட்டும்டி. நானா இருந்தா வாரா வாரம் சோதிப்பேன்" என்று சொல்லிவிட்டு நூடுல்ஸை உறிஞ்சினாள்.